சொந்தக்காரர் இல்லாத ஊர்

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டியதும் வலது கைப்பக்கம் ஒரு கண்ணாடிக் கூண்டு. மேலே ‘விசாரணை’ என்று பலகை. அதற்குள் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள்தான் இந்தக் கதைக்கு உரியவள். எக்ஸ்ரே எங்கே, எலும்பு டாக்டர் வந்தாச்சா, கழிப்பறை எந்தப் பக்கம், ஆறாவது வார்டுக்கு லிஃப்டா படியா என்று காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை ஊர் உலகம் அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ‘குடிதண்ணீர் இடதுபுறம்’ என்று கூண்டிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. சரியாக அந்தக் காகிதத்தின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு, “ஏம்மா, தண்ணி எங்க இருக்கு?” என்பார்கள். அவளும் சொல்வாள். சம்பளம் வாங்குகிறாளே, சொல்லித்தானே ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத விசாரணை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்து லிஃப்டின் கயிறு எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்று தொட்டே சொல்லிவிடுவார். தன் பனியன் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளுக்குச் சார்ஜர் காணாமல் போகாத நாள் கிடையாது. மாடியில் குடியிருக்கும் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, ஜன்னல் வழியாகவே கேட்பார்: “கீழ தண்ணி வருதா?” குழாயைத் திறந்தால் தெரிந்துவிடும். அவளைக் கேட்பது அதைவிடச் சுலபம்.

இருபது வருஷம் முடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் விடுப்பும் கையில் ஒரு தொகையும் கொடுப்பார்கள். மருந்துக் கவுன்டர்காரர் அதில் ஃப்ரிட்ஜ் வாங்கினார். லேப் அம்மா வளையல் செய்துகொண்டார். இவள் சாப்பாட்டு மேஜையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“நான் வெளிநாடு போகலாம்னு இருக்கேன். ஆறு நாள். தனியா.”

கணவருக்குக் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. “தனியான்னா?”

“தனியான்னா தனியாதான்ப்பா” என்றாள் மகள். அவளுக்கு ஒரே குஷி. அந்த நிமிஷமே போனை எடுத்துத் துழாவ ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளூரிலேயே எங்காவது போகக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். போகலாம்தான். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருந்து நாலு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு சொந்தம் இருக்கும். “இவ்வளவு தூரம் வந்துட்டு வீட்டுக்கு வரலைன்னா எப்படி?” என்று கிளம்பி வந்து நிற்கும். நடுவில் ஒரு கடலாவது இருந்தால்தான் சரிப்படும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

தொகை சின்னது. ஒரு மலிவு டிக்கெட், ஒரு சின்ன அறை, சிக்கனமாக மூன்று வேளை, இவ்வளவுதான் தாங்கும். மகள் இரண்டு நாள் மெனக்கெட்டு ஒரு பட்டியல் போட்டாள். டாக்ஸி இல்லாமல் நடந்தே சுற்றக்கூடிய ஊராக இருக்க வேண்டும், ஒற்றைப் பெண்ணுக்கு அறை கொடுப்பதற்கு மூஞ்சியைச் சுளிக்காத ஊராக இருக்க வேண்டும், பொழுது சாய்ந்தாலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். அப்படிச் சலித்து எடுத்ததில் முதலில் நின்றது ஆற்றங்கரை நகரம் ஒன்று. படத்தில் பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அவள் சரி என்று சொல்ல வாயெடுத்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

நாத்தனாருக்கு மகள் ரகசியமாக வைத்திருக்கும் பேர் ‘டைரக்டரி’. பொருத்தமான பேர். எந்தச் சொந்தம் எந்த ஊரில் எத்தனை அறை வீட்டில் இருக்கிறது, குளியலறை உள்ளேயா வெளியேயா என்பது வரைக்கும் அவர் விரல் நுனியில் வைத்திருப்பார். ஊர்ப் பேரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“அட, அங்க நம்ம பெரியப்பா பேரன் இருக்கானே. மூணு ரூம் வீடு. எதுக்கு ஓட்டலுக்குக் காசைக் கொண்டுபோய்க் கொட்டணும்? நான் இப்பவே பேசறேன்.”

“வேணாம் அண்ணி. இன்னும் முடிவு பண்ணல” என்று அவள் அவசரமாகச் சொன்னாள். ஆற்றங்கரை நகரம் அன்றோடு பட்டியலை விட்டுப் போனது.

அடுத்தது ஒரு மலை நகரம். இன்னும் மலிவு. “அங்கதான் நம்ம சம்பந்தி வீட்டுப் பொண்ணு நர்ஸா இருக்கா. தங்கமான பொண்ணு. உன்னைக் கீழ விடமாட்டா” என்றார் டைரக்டரி. கீழே விடமாட்டாள் என்பதுதானே இவளுக்குப் பயம். மூன்றாவதாக ஒரு தீவு. அங்கே சொந்தம் யாரும் இல்லை என்று ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தாள். மறுநாள் காலையில் பால் பாத்திரத்தோடு வந்த நாத்தனார், தன் மருமகனோடு படித்தவனின் தம்பி அங்கே கடை வைத்திருப்பதாகவும், சொந்தம் மாதிரிதான் என்றும் சொன்னார்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. தம்பி பெண்டாட்டி கையைக் கடிக்காமல் போய்வர வேண்டும் என்ற அக்கறைதான். இந்த அக்கறையைத்தான் எந்தப் பக்கம் தள்ளி வைப்பது என்று இவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் பட்டியலின் அடியிலிருந்து ஒன்று வந்தது. ஒரு பழைய துறைமுக ஊர். வெயில் அதிகம் என்பதால் சுற்றுலாக்காரர்கள் அதிகம் வருவதில்லை, அதனாலேயே மலிவு. டிராம் ஓடுகிறது. நாள் முழுக்க ஒரே சீட்டு. ஒரு சலவைக் கடையின் மாடியில் வாடகை அறை. மகள் போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒரு கட்டில், ஒரு தலையணை, ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி. அவள் அந்த நாற்காலியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தான் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவர் உட்கார இடமே இல்லை என்று நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது.

டைரக்டரி மூன்று நாள் தேடினார். பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார், பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போன் போட்டார். ஒருவரும் அகப்படவில்லை. நாலாம் நாள் முகம் சுண்டிப்போய்க் கீழே வந்தார்.

“நம்ம மனுஷங்க ஒருத்தர்கூட இல்லாத ஊருக்கு ஒருத்தி எதுக்குப் போகணும்?”

“மனுஷங்க இருக்காங்க அண்ணி. நமக்குத் தெரியாதவங்க” என்றாள் அவள்.

நாத்தனார் மாடியேறிவிட்டார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், “எங்கயோ போறாளாம், எனக்கென்ன தெரியும்” என்பதோடு சரி. அந்த ஊர்ப் பேர் அவர் வாயில் வரவே இல்லை. தோற்றுப்போன ஊராயிற்றே.

டிக்கெட் போட்ட அன்று சாயந்திரம் அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கணவர் பின்னால் வந்து நின்றார். துணியை எடுத்து, கழுவிய தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு ஏதாவது மனசில் இருந்தால்தான் தட்டுத் துடைப்பார்.

“எங்கள்ல யார் மேலயாவது கோபமா?”

“யார் மேலயும் இல்லங்க.”

“அப்புறம் எதுக்கு?”

அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வரவில்லை. “ஆறு நாள் என்னை யாரும் எதுவும் கேக்காம இருக்கணும். அவ்வளவுதான். உங்க எல்லாரையும் எனக்குப் பிடிக்கும். ஆனா பதில் சொல்லிச் சொல்லி எனக்குள்ள எதுவுமே மிச்சம் இல்லாத மாதிரி இருக்கு.”

அவர் ஒரே தட்டை மூன்று தடவை துடைத்தார். பிறகு குழாயைத் திறந்து மூடி, “வாஷர் தேஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் புரியவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்குக் கஷ்டமாகவும் இருந்தது.

புதன்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுக்கையறையில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். மலிவு டிக்கெட் ஆனதால் ஏழு கிலோதான் அனுமதி. கணவர் வேலைக்குக் கொண்டுபோகும் கொக்கித் தராசை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு புடவையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். கூடத்தில் கணவரின் போன் அடித்தது. மோட்டார் சத்தத்திலேயே காலம் தள்ளிக் காது மந்தமாகிவிட்டதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மறுமுனையில் அவருடைய சித்தப்பா மகன். கப்பல் கம்பெனி உத்தியோகம், நல்ல மாதிரி, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

“அண்ணே, எனக்கு மாத்தலாயிடுச்சு. போன வாரம்தான் குடும்பத்தோட வந்து இறங்கினோம்” என்று சொன்ன தம்பி, ஊர்ப் பேரையும் சொன்னார்.

அந்தத் துறைமுக ஊர்தான். அவள் மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நடக்கப்போவது எல்லாம் கண் முன்னால் வந்தது. விமான நிலையத்துக்குக் கார் வரும். சலவைக் கடை மாடிக்கு அவர்களே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் தங்கள் அறையைக் காலி செய்து கொடுக்கும். காலையில் எழுந்ததும் அந்தத் தம்பியின் மனைவி, அக்கா தூங்கினீங்களா, அக்கா காபியா டீயா, அக்கா இன்னைக்கு எங்க போகலாம் என்பாள். ஆறு நாளும் இவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர்கள் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்கள். அதனால் கோபப்படவும் முடியாது.

“பெரியக்கா சொன்னாங்க, அண்ணி வெளிநாடு போறாங்கன்னு. எந்த ஊருன்னா சொல்லாம, நான் மாத்தலைச் சொல்றதுக்குள்ள போனை வச்சிட்டாங்க. எந்த ஊருண்ணே?”

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அவளுக்கு அந்த மனிதரைத் தெரியும். பொய் என்பது அவருக்கு வாயில் நுழையாத சமாச்சாரம். ‘இந்த லிஃப்டில் என் குழந்தையை ஏற்ற மாட்டேன்’ என்று கட்டடச் சொந்தக்காரரின் முகத்துக்கு நேராகச் சொல்லி மூன்று இடத்தில் வேலையை இழந்தவர். புதுப் புடவை எப்படி இருக்கிறது என்று அவள் அவரைக் கேட்பதையே நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஊர்ப் பேர் வரட்டும் என்று காத்திருந்தாள்.

கணவர் தொண்டையைச் செருமினார். பிறகு அந்த மலை நகரத்தின் பேரைச் சொன்னார்.

“அங்கயா? நல்ல ஊராச்சே. எங்க தங்கறாங்க?”

“அதான், சம்பந்தி வீட்டுப் பொண்ணு. நர்ஸு. அவ வீட்லதான்.” குரல் கொஞ்சம் கம்மியது. “கீழ விடமாட்டேங்குறா அந்தப் பொண்ணு.”

“அது சரி. குளிருமே அங்க.”

“ஆமா ஆமா. ஸ்வெட்டர்லாம் வாங்கியாச்சு.”

“என்ன கலர்?” என்று தம்பி கேட்டார். வேறு யார் கேட்பார்கள் இதை.

“பச்சை” என்றார் கணவர், சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் மாதிரி. பிறகு, “அக்காவுக்கு மாத்தல் விஷயத்தை நானே சொல்லிக்கிறேன், நீ போன் பண்ணாத. அடுத்த வாரமா சொல்லிக்கிறேன்” என்று பேச்சை முடித்துப் போனை வைத்தார். வைத்த பிறகு அவர் மூச்சு விட்டது படுக்கையறை வரை கேட்டது.

சமையலறையில் அன்று அவருக்கு எல்லாமே புரிந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் வந்ததில்லை. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் தான் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தால் மனிதர் கூனிக்குறுகிப் போவார். அதனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவள் போல, “யாருங்க போன்ல?” என்றாள்.

“ராங் நம்பர்” என்றார் அவர், கால் மணி நேரம் பேசியவர்.

சட்டையை மாட்டிக்கொண்டு உடனே வெளியே கிளம்பிவிட்டார். எங்கே என்று அவளும் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு துணிக்கடைப் பை. அதை அவளிடம் நீட்டும்போது அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு ஸ்வெட்டர். கனத்த நூல், முழுக்கை, கழுத்து வரை பொத்தான். பச்சை நிறம். சொன்ன பொய்யில் ஏதோ ஒரு மூலையையாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்து வாங்கி வந்திருக்கிறார் மனிதர்.

“அங்க குளிருமோ என்னமோ” என்றார் காலண்டரிடம். “எதுக்கும் இருக்கட்டும்.”

கொக்கித் தராசில் ஸ்வெட்டர் முக்கால் கிலோ காட்டியது. அவள் பெட்டியிலிருந்து மாற்றுச் செருப்பையும் ஒரு புடவையையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்த இடத்தில் ஸ்வெட்டரை வைத்து மூடினாள். முழங்காலால் அழுத்திக்கொண்டு ஜிப்பை இழுத்தாள்.

“ஆமாங்க” என்றாள். “அங்க ரொம்பக் குளிருமாம்.”