மூஞ்சிக்கல் ஏற்றத்தில் நாற்பத்தொரு பேர்

“என்னையக் காணோம்க்கா,” என்றாள் விசாலாட்சி.

கோடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கேரட் விற்பவள். பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்திருந்தாள். புது மருமகளுக்குத் தன்னைப் படத்தில் காட்டலாமென்று முந்தின நாள் அந்தப் படம் மாட்டியிருக்கிற லாட்ஜுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அவள் கூடை வைத்து உட்கார்ந்திருந்த இடத்தில் வெள்ளையாக மேகம் நின்றதாம்.

அது என் தம்பி குமரகுரு கடைசியாக வரைந்த படம். கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்தவன் அவன். தன் ஆசைக்கு வரைந்ததெல்லாம் கோடைக்கானல் தெருக்களைத்தான். ஏரியை ஒரு தடவைகூட வரைந்ததில்லை. “ஏரி எங்க போகப்போகுது? இந்தக் கூட்டம் பொழுது சாஞ்சா கலைஞ்சிரும்லக்கா” என்பான். லாட்ஜ்காரர்கள் வரவேற்பறைச் சுவருக்குப் பெரிய படம் கேட்டபோது, மூஞ்சிக்கல் ஏற்றத்தை எடுத்துக்கொண்டான். பன்னிரண்டு அடித் துணி, எட்டு மாதம். குதிரைக்காரர்கள், பேரிக்காய்க் கூடைகள், ஜீப்பை மறித்துக்கொண்டு சண்டை போடும் இரண்டு பெண்கள் என்று நெருக்கியடித்து நாற்பத்தொரு பேர்.

சிலை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். தம்பி அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தான். முகமெல்லாம் முடித்தபின் அந்தந்த ஆளை எங்கள் கொட்டகைக்கு வரவழைத்து, பிரஷ்ஷைக் கையில் கொடுப்பான். அவரவர் கண்ணை அவரவரேதான் வைக்க வேண்டும். பிரஷ் பிடித்துப் பழகாத கைகள், எல்லாருடைய கண்ணும் தடிப்பாகத்தான் விழுந்தது. வர்க்கி ரொட்டிக் கடை இப்ராம்சா பெயிண்டை அள்ளி அப்பியதில் அவருடைய இடது கண் மிளகு அளவுக்குப் புடைத்து நின்றது.

“என்ன பாய், கண்ணா முட்டைக்கோசா?” என்று விசாலாட்சி கேட்டாள்.

“ஒன் தராசப் பாக்குறதுக்கு இந்தக் கண்ணு பத்தாதும்மா,” என்றார் அவர்.

தம்பி சிரித்துச் சிரித்து இருமினான். அந்த இருமல்தான் புரட்டாசியில் அவனைக் கொண்டுபோனது.

விசாலாட்சியோடு அடுத்த பஸ்ஸிலேயே மேலே போனேன். லாட்ஜில் படம் அதே சுவரில் இருந்தது. கடைகளும் மலையும் அப்படியே இருந்தன. தெருவில் மட்டும் வெண்மேகம். குதிரை ஒன்று நின்றது, பிடிக்க ஆளில்லாமல். கீழ் மூலையில் ‘குமரகுரு’ என்று தம்பியின் கையெழுத்து பளிச்சென்றிருந்தது. துடைத்து வைத்திருந்தார்கள்.

மேனேஜர் ஜெயமுருகன் மரியாதையாகத்தான் பேசினார். “கெஸ்ட்டெல்லாம் மிஸ்ட் பாக்கத்தான் வர்றாங்க மேடம். ரிசப்ஷன்ல சந்தைக்கூட்டம் வேணாம்னு ஓனர் சொல்லிட்டாரு. ஒரு ஆர்ட்டிஸ்ட்ட வச்சு லைட்டா கிளீன் பண்ணுனோம். சார் கையெழுத்த மட்டும் தொடவே விடல. அவரு பேருக்கு பித்தளைப் பலகைகூட சொல்லியிருக்கோம்.”

“ஏந்தம்பி, நான் அழுக்கா?” என்றாள் விசாலாட்சி.

“உங்கள சொல்லலம்மா.”

“என்னையத்தான கிளீன் பண்ணியிருக்கீக. வேற யாரச் சொல்லுதீக?”

நான் மேகத்தை விரலால் தடவினேன். ஆயில் பெயிண்ட்மேல் சுவருக்கு அடிக்கும் தண்ணிப் பெயிண்டை அடித்திருந்தார்கள். போர்டு எழுதுகிற வீட்டில் சமைக்கிறவளுக்குக்கூடத் தெரியும், அது பிடிக்காது. கோடைக்கானல் ஈரத்துக்கு ஒரு மாதம் தாங்காது. எனக்கு மூச்சு வந்தது. ஆட்கள் அடியில் பத்திரமாக இருப்பார்கள் என்று நினைத்தேன்.

“முந்தானைய நனைச்சுத் தொடைச்சுப் பாரு,” என்றேன்.

மேனேஜர் தடுக்கத் தடுக்க அவள் தேய்த்தாள். மேகம் பால் ஏடு போல உரிந்து வந்தது. கேரட் வந்தது, கூடை வந்தது, மூக்குத்தி வந்தது. முகமும் வந்தது. கண் இருந்த இடத்தில் துணியின் இழைதான் தெரிந்தது. பக்கத்தில் இப்ராம்சாவைத் துடைத்தாள். அவருக்கும் அப்படியே.

“அங்கங்க கட்டிகட்டியா இருந்துச்சாம். உப்புத்தாள் போட்டு தேச்சாத்தான் மேல அடிக்கிற பெயிண்டு சமமா வரும்னு அந்த ஆர்ட்டிஸ்ட் சொன்னாரு,” என்றார் ஜெயமுருகன். குற்றம் செய்த குரலே இல்லை.

நாற்பத்தொரு பேரையும் மறைத்தது போதாதென்று தேய்த்தும் இருக்கிறார்கள். ஒருவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வேலைக்குக் கீழே என் தம்பி பெயரைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள், வருகிறவன் போகிறவனெல்லாம் இவன்தான் இதைச் செய்தான் என்று படித்துக்கொள்ள. செத்தவன் வந்து இல்லையென்று சொல்லப்போகிறானா?

“இந்தப் பேரை எடுத்துருங்க,” என்றேன்.

“பேரு இருந்தாத்தான மேடம் படத்துக்கு மதிப்பு.”

“கேரட் கொண்டை அறுக்குற கத்தி வச்சிருக்கியா?” என்று விசாலாட்சியிடம் கேட்டேன். சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

“மேடம், இது லாட்ஜ் சொத்து. போலீஸக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. படத்த நீங்க வாங்குனீங்க, வச்சுக்கங்க. பேரை யாரும் ஒங்களுக்கு விக்கல.”

தரையில் மண்டியிட்டுச் சுரண்டினேன். அவன் அழுத்தி எழுதுகிறவன். எந்த எழுத்தும் லேசில் போகவில்லை. கடைசி ‘ரு’வில் கத்தி நின்றுவிட்டது. விசாலாட்சி கத்தியை வாங்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதையும் நானே சுரண்டினேன்.

ஜெயமுருகன் போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டார், “பலகை ரெடியாயிருச்சே மேடம். ஓனருக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“மேகம் அடிச்சவரு பேரைப் போட்டுக்கச் சொல்லுங்க,” என்றேன்.