காலை மோந்து பார்க்க ஓர் ஆள்

முழங்காலுக்குக் கீழே புண்ணைத் திறந்து சுத்தம் செய்து, உள்ளே ஒரு ஸ்பாஞ்சை வைத்துத் தைத்திருப்பதாக டாக்டரம்மா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோபாவுக்கும் நாற்காலிக்கும் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்தே காலத்தை ஓட்டியவன் நான். கடைசியில் என்னையே குஷன் போட்டுவிட்டார்கள்.

“எப்ப வெளிய எடுப்பீங்க?” என்றேன்.

“எடுக்க வேண்டாம். அதுல ஆன்டிபயாட்டிக் ஏத்தியிருக்கு. மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமா புண்ணுக்குள்ளயே விட்டுட்டு, தானா கரைஞ்சிடும். ஆனா மறுபடி கெட்ட நாத்தம் அடிச்சா அன்னைக்கே வந்துடணும். போன தடவை மாதிரி அழுகவிட்டு வந்தா காலை எடுக்கறதத் தவிர வழியில்ல. அந்த நாத்தத்துல எப்படித்தான் சும்மா இருந்தீங்களோ.”

தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு மூக்கு வேலை செய்யாது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. ஸ்பாஞ்சு ஒட்டும் பசை எப்போதோ அதைத் தின்று தீர்த்துவிட்டது. அப்போது அது குறையாகவே தெரியவில்லை. பால் கெட்டுவிட்டதா, கேஸ் கசிகிறதா, இந்தச் சட்டையை இன்னொரு நாள் போடலாமா, எல்லாவற்றையும் என் மனைவி சொல்லிவிடுவாள். வீட்டுக்கு ஒரு மூக்கு போதும் என்று நானும் கேலி பேசுவேன். போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் கத்தரி கிழித்த காயம் அழுகியபோது சொல்ல ஆளில்லை.

ஸ்பாஞ்சு வைத்து வந்த பிறகு, என் கடைக்கு வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்களா என்று முகத்தையே பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியதும் காலைச் சட்டென்று மேசைக்கடியில் இழுத்துக்கொண்டேன். அவருக்கு ஜலதோஷமாம். பயத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, “சும்மா சும்மா வராதீங்க” என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இன்று காலை புண்ணுக்குப் போட்ட கட்டு லேசாக ஈரமாக இருந்தது. ஸ்பாஞ்சு கரைகிற ஈரமா, சீழா? கண்ணால் பார்த்து ஒன்றும் புரியவில்லை. மாடி வீட்டில் ஒரு கண்டக்டரம்மா இருக்கிறாள். அவள் காயப்போட்ட துணி என் புது சோபாவில் சொட்டியதிலிருந்து எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. கால் போவதைவிட மானம் போவது மேல் என்று, படியடியில் நின்று கூப்பிட்டேன்.

“என் காலைக் கொஞ்சம் மோந்து பாக்கணும்மா.”

ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“முன்னாடியே சொல்றதுக்கென்னண்ணே,” என்று இறங்கி வந்தாள்.

கட்டிலில் காலை நீட்டினேன். மண்டியிட்டு, கட்டருகே முகத்தைக் கொண்டுபோனாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“மருந்து வாசனைதான். கெட்ட நாத்தம் எதுவும் இல்ல. எதுக்கும் இந்த ஈரத்தை இன்னைக்கே காட்டிடுங்க. மூக்கு விஷயத்தையும் மறைக்காம சொல்லுங்க.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காதவள்போல, காலுக்கு அடியில் விரிக்கத் துணி தேடி என் மனைவியின் அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

“அண்ணி வாசனை இன்னும் அப்படியே இருக்குண்ணே.”

அந்த அலமாரியை நான் தினமும் திறந்து மூடுகிறேன்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

பவுடர் என்றாள். சோப்பு என்றாள். பிறகு, அதெல்லாம் இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

“கதவச் சாத்திடும்மா,” என்றேன். “வெளிய போயிடப் போகுது.”