பேய் எல்ஸி ஞானத்தாயான ஞாயிறு

எல்ஸி நடித்தது பதினோரு படம். அதில் ஒன்பதில் பேய், ஒன்றில் பேய் பிடித்தவள், மிச்சம் ஒன்றில் பேயைப் பார்த்துப் பத்தாவது நிமிடத்திலேயே செத்துப்போகிறவள். அந்தப் பத்து நிமிடத்தை விட்டால் அவள் முகத்தைத் திரையில் முழுசாகப் பார்த்தவர் யாரும் கிடையாது. முகத்தை மறைக்கும் முடி, கண்ணில் வெள்ளை லென்ஸ், கடைவாயில் சோளமாவில் கலந்த சிவப்புச் சாயம். இதற்காகவா உயிர்வேதியியல் படித்தாள்? இல்லைதான். பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஈப்போ நகரில் எட்டு நேர்முகத்துக்குப் போனாள். எட்டு இடத்திலும் சீனம் பேசத் தெரியுமா என்று கேட்டு, தெரியாது என்றதும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஒன்பதாவதாகக் கூப்பிட்டவன் பவித்ரன் என்கிற டைரக்டர். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"கிணத்துக்குள்ள ஒரு மணி நேரம் நிப்பீங்களா?"

நின்றாள். அன்றிலிருந்து நிற்கிறாள்.

"படிச்ச பிள்ள பேயாட்டம் ஆடுது, கடைசியில தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் போய்ப் படுக்கும்" என்று சொன்ன சொந்தக்காரர்கள், படம் வந்ததும் பாசார் சந்தையில் அவளை நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பேச்சும் அவர்களுடையதுதான், செல்ஃபியும் அவர்களுடையதுதான். எல்ஸிக்கு இரண்டும் பழகிவிட்டது.

பழகாத ஒன்று போன வருடம் வந்தது. பேய் பிடித்தவளாக நடித்த அந்தப் படம். ஆர்டன்மோர் தோட்டத்துச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில்தான் பேயோட்டும் காட்சியை எடுத்தார்கள். அவளும் தங்கச்சி ஜானிஸும் ஞானஸ்நானம் வாங்கிய அதே கோயில். ரப்பர் மரங்களை வெட்டி, செம்பனை நட்டு, அதையும் பாதி அழித்துத் தாமான் குடியிருப்பு வீடுகள் கட்டிவிட்டார்கள். தகரக் கூரை போட்ட கோயில் மட்டும் நடுவில் நிற்கிறது. காட்சி இதுதான்: எல்ஸியின் கைகளைப் பின்னால் மடக்கி பெஞ்சோடு கட்டியிருப்பார்கள். சாமியாராக நடித்தவர், "சாத்தானை விட்டுவிடுகிறாயா?" என்று கேட்பார். எல்ஸியின் கழுத்து இடது தோளில் சரியும். அடிவயிற்றிலிருந்து ஆண்குரல் ஒன்று கிளம்பும்.

"விடமாட்டேன்!"

முப்பத்தேழு தடவை எடுத்தார்கள். படம் வந்த மறுவாரம் மலேசியா முழுக்க இதுதான் பேச்சு. தாப்பா பஸ் நிலையத்தில் ஒருவர் வழி விடச் சொன்னால் இன்னொருவர் கழுத்தைச் சாய்த்து "விடமாட்டேன்" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிக்டாக்கில் போட்டார்கள். ஒரு நகைக்கடை விளம்பரத்திலும் வந்தது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

இப்போது ஜானிஸுக்குப் பெண்பிள்ளை பிறந்து மூன்று மாதம். "அக்கா, நீதான் ஞானத்தாய். வேற யாரும் வேணாம்" என்று பிரசவ அறையிலிருந்தே சொல்லிவிட்டாள். ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை, ஆர்டன்மோர் கோயிலில். அந்தச் சடங்கில் ஞானத்தாய் என்ன செய்ய வேண்டும்? பிள்ளைக்குப் பதிலாகச் சபைமுன் நின்று சாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். சாமியார் என்ன கேட்பார்? சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்பார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

சனிக்கிழமை மத்தியானம் ஆயத்த வகுப்பு. அங்கேயே ஆரம்பித்தார் உபதேசியார் லூயிஸ். கோயில் சாவியும் மணிக்கயிறும் முப்பது வருடமாக அவர் கையில்தான்.

"பாதர், இந்தப் பொண்ணு வேணாம். திருவருட்சாதனம் நடக்குற எடத்துல சனங்க சிரிக்கும்."

பாதர் ராட்னி சின்ன வயசுக்காரர். ஈப்போவிலிருந்து மாதம் இரண்டு தடவை வருகிறவர். "உறுதிபூசுதல் வாங்கியிருக்காங்க. பூசைக்கு வர்றாங்க. வேற என்ன லா வேணும் அங்கிள்?"

"இதே எடத்துல பச்சையா வாந்தி எடுத்தா, பாதர்."

"அது பாண்டான் இலைச் சாறும் ஓட்ஸும், அங்கிள்" என்றாள் எல்ஸி. "நாந்தான் தரையத் தொடச்சேன். ரெண்டு தடவ."

பாகான் செராயிலிருந்து வந்திருந்த ஜானிஸின் மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் யாரையும் கொற சொல்லல. ஆனா நாளைக்கு எங்க சனம் முப்பது பேரு வருது. அவங்க முன்னால சிரிப்பாயிட்டா யாருக்கு மாலு, யாருக்கு வெக்கம்? எங்களுக்குத்தானே? என் தங்கச்சி மக கேரன் இருக்கா, நல்லா பைபிள் வாசிப்பா."

"அத்தே, புள்ள யாருக்குப் பொறந்துச்சு?" என்றாள் ஜானிஸ். "எனக்கா, உங்க சனத்துக்கா?"

ஜானிஸின் கணவன் திமோத்தி கூரையைப் பார்த்தான். தகரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று எண்ணுகிறவன் மாதிரி.

பாதர் கையைத் தட்டினார். "ஒரு ஒத்திகை பாத்துருவோம். பாப்பா தூங்கட்டும், எழுப்ப வேணாம். எல்ஸி, இப்படி வந்து நில்லுங்க."

எல்ஸி போய் நின்றாள். கையை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டாள். எதிரே அதே பீடம், அதே பெஞ்சு.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

அவள் வாயைத் திறந்தாள். கழுத்து இடது தோளில் போய் விழுந்தது. அடிவயிறு இழுத்தது.

"விடமா..."

பல்லைக் கடித்து மிச்சத்தை விழுங்கினாள். ஆனால் வந்தவரைக்கும் ஆண்குரலில் வந்துவிட்டது. மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். லூயிஸ் பாதரைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை போதாதா?

பாதர் நெற்றியைத் தடவினார். "சரி. நாளைக்கு எல்ஸிதான். கேரன் பக்கத்துல நிக்கட்டும். ஒரு தடவ தவறினாலும் பாப்பாவ கேரன் வாங்கிக்கணும். வேற வழியில்ல, எல்ஸி."

வெளியே மணிக்கம்பத்தடியில் எல்ஸி லூயிஸை மறித்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தால் அவளுக்கு எப்போதும் கோபம்தான் முந்தும்.

"அங்கிள், நேராச் சொல்லுங்க. ஷூட்டிங் அன்னிக்கு நீங்கதானே கதவத் திறந்துவிட்டீங்க? நாசி லெமாக் சோறு பொட்டலமா தப்பாவ் பண்ணி எங்களுக்கெல்லாம் குடுத்தீங்க. படம் வந்ததும் எப்படி நான் மட்டும் பிசாசாயிட்டேன்?"

லூயிஸ் கயிற்றைக் கம்பத்தில் சுற்றினார். மறுபடி அவிழ்த்தார். பிறகு கொட்டிவிட்டார்.

"மணியடிக்கிற உபதேசியாரா என்னய நடிக்கச் சொன்னானா இல்லியா, ஒங்க டைரக்டரு? காலையில எட்டு மணியிலேருந்து நின்னேன். பவுடர் போட்டுவிட்டானுங்க. சொந்தக்காரங்க பதினாலு பேர ஈப்போ தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன், எல்ஸி. கடைசி வரைக்கும் பாத்தோம். எம் மூஞ்சியே இல்ல! மணிச்சத்தம் மட்டும் வருது. சத்தத்த வச்சுக்கிட்டு ஆள வெட்டிட்டானுங்க. என் மச்சான் இன்னிக்கு வரைக்கும் கேக்குறான், 'எங்கய்யா நீ? பேயோட மறைஞ்சிட்டியா?'ன்னு."

எல்ஸிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு படத்தில் பத்து நிமிட முகம் அவளுடையது. பவுடர் போட்டுக்கொண்டு நின்ற அந்த எட்டு மணி அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பவித்ரனைக் கூப்பிட்டாள். "லூயிஸ் அங்கிள வெட்டினீங்களே, அந்தத் துண்டு இருக்கா? இப்பவே அனுப்புங்க." பத்து வருடம் கிணற்றில் நின்றதற்கு அந்த அதிகாரமாவது இருக்க வேண்டும். அரை மணியில் வந்தது. பதினோரு வினாடி. லூயிஸ் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார், மேலே பார்க்கிறார், சிலுவை போடுகிறார். நன்றாகத்தான் செய்திருந்தார்.

ஜானிஸ் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இப்பவே அவருக்கு அனுப்பு. நாளைக்கு வாயத் தொறக்க மாட்டாரு."

"மாட்டேன்."

"ஏன் லா?"

"லஞ்சம் குடுத்தா நான் ஞானத்தாயாவணும்? நாளைக்கு முடிஞ்சப்புறம் காட்டுறேன். கேரன் கையில பாப்பா போனாலும் காட்டத்தான் செய்வேன்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன் நின்று 'விட்டுவிடுகிறேன்' என்று நூறு தடவை சொன்னாள். யாரும் கேட்காமல் தானாகச் சொன்னால் சரியாகத்தான் வந்தது. ஜானிஸ் சும்மா கேட்டுப் பார்த்தாள். கழுத்து சாய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து சன்னலுக்கு வெளியேயும் ஆட்கள். பாகான் செராய் கூட்டம் முன்வரிசை. எல்ஸி பீடத்தின் முன்னால் வந்து நின்றதும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஞானஸ்நானத்தைப் பிடிக்கவா? அவள் வாயைப் பிடிக்கத்தான். பக்கத்தில் கேரன் கையை ஏந்தித் தயாராக நின்றாள். பாவம், அவளுக்கே வேர்த்துக் கொட்டியது. லூயிஸ் மெழுகுவர்த்தியோடு அந்தப் பக்கம் நின்றார்.

ஜானிஸ் பாப்பாவை அக்காவின் கையில் வைத்தாள். ஆறு கிலோ. தலை இடது தோளில் சாய்ந்தது. பாப்பா முழித்துக்கொண்டு, எல்ஸியின் இடது காதோர முடியை ஒரு கொத்தாகப் பிடித்து முறுக்கியது.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

அடிவயிறு இழுத்தது. கழுத்து சாயப் பார்த்தது. சாய இடமில்லை. அங்கே பாப்பாவின் தலை இருந்தது, முடியும் அதன் பிடியில் இருந்தது. பின்னால் கட்டிக்கொள்ளக் கையும் இல்லை. இரண்டு கையும் பிள்ளையைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"விட்டுவிடுகிறேன்" என்றாள் எல்ஸி. அவளுடைய சொந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்.

"சாத்தானுடைய செயல்கள் அனைத்தையும் விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்."

கைப்பேசிகள் இன்னும் இறங்கவில்லை. மூன்றாவது இருக்கிறதே.

"சாத்தானுடைய மாயக் கவர்ச்சிகளையும் விட்டுவிடுகிறீர்களா?"

பாப்பா முடியை இன்னொரு இழுப்பு இழுத்தது. உயிர் போகிற வலி.

"ஆ... விட்டுவிடுகிறேன் பாதர், விட்டுவிடுகிறேன்!"

முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பாதரும் சிரித்தார். ஆனால் அது பேய்ச் சிரிப்பில்லை, பிள்ளை முடியைப் பிடித்து இழுத்தால் எந்த வீட்டிலும் சிரிக்கிற சிரிப்பு. கோயில் முழுக்க மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கேரன் ஏந்திய கையைத் தொங்கப்போட்டு, "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தாள். கைப்பேசிகள் ஏமாற்றத்தோடு இறங்கின. தண்ணீர் ஊற்றியதும் பாப்பா கத்திய கத்தல் இருக்கிறதே, பவித்ரன் கேட்டிருந்தால் அடுத்த படத்துக்கு ஒப்பந்தமே போட்டிருப்பான்.

நேற்றுப் பின்னால் கட்டிய வெறுங்கையோடு நின்றதுதான் தப்பு என்று எல்ஸிக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. படத்தில் கட்டிப்போட்ட மாதிரியே நிற்கும்போது கேட்டால் வேறென்ன வரும்?

பந்தலில் சாப்பாடு. லூயிஸ் ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்தார். எல்ஸி கைப்பேசியை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தாங்க அங்கிள். பதினோரு வினாடி."

அவர் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"எப்ப வந்துச்சு இது?"

"நேத்து."

"நேத்தே காட்டியிருக்கலாமே."

"காட்டியிருக்கலாம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் இலையிலிருந்த கோழித்துண்டை எடுத்து அவளுக்காகப் பக்கத்து இலையில் வைத்தார். "சாப்பிடு. மூஞ்சி வாடிப்போயிருக்கு. அப்புறம், இத என் மச்சானுக்கு எப்படி அனுப்புறது? சொல்லு."

மாமியார் நாலு பேரோடு வந்து நின்றார். குரல் குழைந்தது. "எல்ஸிம்மா, எங்க சனம் ஆசைப்படுது. அந்த வசனத்த ஒரே ஒரு தடவ..."

"சாப்பிடுறேன் அத்தே" என்றாள் எல்ஸி. செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளினாள். முடி பிடுங்கிய இடம் இன்னும் எரிந்தது. தோளில் பாப்பாவின் பால் காய்ந்திருந்தது. நேற்றைக்குச் சேர்த்து இரண்டு பங்கு சோறு வாங்கி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், நிதானமாகப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.