தறியோரத் தொட்டில்

டோனி மார்பைக் கவ்வுவான், இரண்டு இழுப்பு இழுப்பான், மூச்சு முட்டியதும் விட்டுவிட்டு முகம் சிவக்க அலறுவான். மூக்கு அடைத்த பிள்ளை பால் குடித்தால் மூச்சு இல்லை, மூச்சு விட்டால் பால் இல்லை. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாதவன் காலையிலிருந்து படுகிற பாடு இதுதான். பசியோடு அழுது அழுது அவன் துவண்டு கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

இந்த வீட்டில் வைத்தியத்துக்கு ஒன்றும் குறைவில்லை. என் வீட்டுக்காரர் சேவியர்ராஜின் அக்கா செல்வமேரி அண்ணி அடுத்த தெருவில் இருக்கிறார். பிள்ளை தும்மினால் போதும், கிண்ணத்தோடு வந்து நிற்பார். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்க வேண்டும், தலைக்கு ஊற்றிச் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும் என்பது அவர் வைத்தியம். கற்பூரமும் புகையும் கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது, உப்புத்தண்ணீர்ச் சொட்டு மட்டும் போடு என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னதைச் சொன்னால், "அந்த நர்ஸா வந்து நம்மூட்டுப் புள்ளைய வளத்தப் போறா?" என்பார். நான் கிண்ணத்தை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிடுவேன். சண்டை போடத் தெம்பில்லை.

எல்லோரும் மூக்கையே பார்த்தார்கள். தொட்டில் எங்கே தொங்குகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பள்ளிபாளையத்தில் எங்கள் சந்தில் வீடும் விசைத்தறிப் பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழேதான். பிள்ளை பிறந்தால் தொட்டிலைத் தறியோரம் கட்டிவிடுவார்கள். அந்தத் தடதடப்பில் அசந்து தூங்கும், கரண்ட் போனால் விழித்துக்கொள்ளும். அதைப் பெருமையாகச் சொல்லிச் சிரிக்க வேறு செய்வார்கள். சேலம் டவுனில் வளர்ந்த எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் தறி ஓட ஓடப் பஞ்சு பறக்கும். ஜன்னல் கம்பியில், மாதா படத்தில், என் புருவத்தில் எல்லாம் படியும். தொட்டிலை மட்டும் விட்டுவைக்குமா என்ன?

"ஏனுங்க, தொட்டில உள் ரூமுக்கு மாத்திரலாமுங்க" என்று சேவியர்ராஜிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

"உள்ள போட்டாத் தூங்கமாட்டான் புள்ள. அப்புறம் நீ நூல் சுத்துவியா, அவனத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மத்தியானம் டோனி மறுபடி அலறினான். மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்கின் இரண்டு துளையிலும் சொட்டு விட்டுப் பொறுத்திருந்தேன். பெரிதாக ஒரு தும்மல் போட்டான். வெளியே வந்த சளியை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தேன். நீலமாக இருந்தது.

ஒரு வாரமாகத் தறியில் நீல லுங்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் துணியுமாகப் பட்டறைக்குள் போனேன். சேவியர்ராஜோடு அண்ணியும் அங்கேதான் நின்றிருந்தார். துணியை இரண்டு பேரின் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினேன். தறிச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டியிருந்தது.

"சாயந்தானே கண்ணு, போயிரும். எங்கூட்டுப் பசங்க இதுலயே வளந்தவங்கதான்" என்றார் அண்ணி.

சேவியர்ராஜ் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தறிப் பக்கம் திரும்பி, "நாளைக்குத் தறியில ஏத்துன இந்தப் பாவு நூலு முடிஞ்சிரும். அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்.

"நாளைக்கு வரைக்கும் இவன் எதுல மூச்சு உடறதுங்க?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டேன். தறிகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன. பாதியில் நிறுத்தினால் துணியில் கோடு விழும் என்பது எனக்கும் தெரியும். விழட்டும்.

சத்தம் அடங்கிய அதிர்ச்சியில் டோனி வீறிட்டான். நெய்த துணிச் சுருள்மேல் உட்கார்ந்து அவனை மார்போடு சேர்த்தேன். கவ்வினான். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. விட்டுவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. மூக்கு லேசாகக் கரகரக்க, இழுத்துக்கொண்டே இருந்தான்.

"என்றா பாத்துட்டு நிக்கற? போட்டு உடு" என்றார் அண்ணி தம்பியிடம்.

சேவியர்ராஜின் கை சுவிட்சின் மேல் போய் நின்றது. நான் அவரையே முறைத்துப் பார்த்தேன். பட்டறைக்குள் டோனி மடக் மடக்கென்று பால் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கையை எடுக்கவுமில்லை, சுவிட்சைப் போடவுமில்லை, அப்படியே நின்றுகொண்டிருந்தார்.