காலிக் கேன்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. பயமாக இருந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தி.நகரில் ஒரு சாவு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஐஸ் பெட்டியிலிருந்து கருணாகரனைத் தூக்கியபோது மகள் கீர்த்தியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டாள்.

"அப்பா செல்லம்லா, தாங்கல பிள்ளைக்கு," என்றாள் கருணாகரனின் தங்கை பேச்சியம்மாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி சுந்தரவல்லிக்கு அழுகை அப்படியே நின்றுபோனது. அந்த வெளுப்பு அவளுக்குத் தெரியும். புருஷனின் முகத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். சேலைக்கடைக் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பவர் திடீரென்று வெளுப்பார்; சட்டை நனையும்; மண்டை இடிக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் டீ கேட்பார். எந்த மாத்திரைக்கும் பிரஷர் அடங்கவில்லை.

அடையாறு டாக்டர்தான் சொன்னார். "கிட்னிக்கு மேல சின்னதா ஒரு சுரப்பி இருக்கும்மா. அதுல கட்டி இருந்தா ஹார்மோன அள்ளிக் கொட்டும். ஒரு நாள் பூரா போற யூரின இந்தக் கேன்ல பிடிச்சுக் குடுக்கட்டும். அதுதான்னு தெரிஞ்சா பிள்ளைக்கும் பாக்கணும். சில குடும்பத்துல வழிவழியா வரும்."

கருணாகரன் சிரித்தார். "ஆடித் தள்ளுபடில இதைக் கடைக்குத் தூக்கிட்டுப் போகவா? பக்கத்துக் கடை ஹனீஃபா பாய் மோர்னு நெனச்சு ஒரு டம்ளர் கேப்பாரு! ஆடி முடியட்டும் வல்லி."

ஆடி முடியவில்லை. கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார்.

கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டுக்கு வண்டி கிளம்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். அவர் படுத்த பாய், தலையணை எல்லாம் வெளியே போயின. பேச்சியம்மாள் பாத்ரூமிலிருந்து வெள்ளைக் கேனோடு வந்தாள்.

"மதினி, அண்ணனுக்குக் குடுத்ததுதானே இது? ஆஸ்பத்திரிச் சாமான் வீட்டுல கெடக்கக் கூடாது. தூரப் போட்டுருதேன்."

மூலையை விட்டு எழக் கூடாது என்று சுந்தரவல்லியிடம் சொல்லியிருந்தார்கள். அவள் எழுந்தாள். ஈரத் தரையில் கால் வழுக்கியது.

"அதைக் குடு."

"ஐயோ, நீ எந்திரிக்கக் கூடாதுல்லா! காலிக் கேன் மதினி, இதுக்குப் போயி..."

"குடுன்னு சொல்லுதேன்!"

'பாவம், புத்தி கலங்கிட்டு' என்று யாரோ முணுமுணுத்தார்கள். சுந்தரவல்லி கேனை மடியில் வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"ஒனக்கு இப்பிடி முன்னாடி வந்திருக்கா?"

"எப்பிடிம்மா?"

"மறைக்காத, கீர்த்தி."

கீர்த்தி கேனைப் பார்த்தாள். தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள்.

"காலேஜ்ல வந்துச்சு. அப்பாகிட்ட மட்டும் சொன்னேன். 'அம்மா பயந்துருவா. ஆடி முடியட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்'னாரு."

சுந்தரவல்லி மகளின் மணிக்கட்டைப் பிடித்தவள், ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து குளித்து முடித்த பிறகும் விடவில்லை.

மறுநாள் காலையில் பேச்சியம்மாள் வாசலை மறித்தாள். "ஊரு என்ன சொல்லும் மதினி?"

"சொல்லட்டும். நீ ஆட்டோவக் கூப்பிடு."

அடையாறு போகும் ஆட்டோவில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தெரு முழுக்க ஆடித் தள்ளுபடி பேனர்கள். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் மடியிலிருந்த காலிக் கேன் மெல்லச் சத்தம் போட்டது. இருவரும் ஆளுக்கொரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டில் காலையில் புறப்பட்டுப் போனவர்கள் அத்தனை பேரும் சாயங்காலம் வாசலில் வந்து செருப்பைக் கழற்றட்டும், கண்ணுங்களா.