தான்சானியா மிஸ்டு கால்

கருங்கல் சந்தையில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கும் ஞானதாசனுக்கு மகளைப் பற்றி ஒரே ஒரு குறைதான். நர்ஸ் படித்த பெண்களெல்லாம் குவைத்துக்கும் சவுதிக்கும் போய் வீட்டுக்கு மாடி எடுத்த காலத்தில், அஜிதா தான்சானியாவில் ஏதோ மலையோர மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் உழைத்துவிட்டு வந்தாள். சேவைக்குப் போனாள் என்று சொன்னால் சந்தையில் ஒருத்தனும் நம்பவில்லை. ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

வந்தவள் அந்த ஊரைத் தலைமுழுகினாளா? அதுவுமில்லை. மரச்சீனிக் கிழங்கு அவிக்கும்போதெல்லாம், "அங்க இதுக்க இலையவும் கறி வய்ப்பாவ" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனும் கையுமாக உட்காருவாள். அந்த ஆஸ்பத்திரியில் சமையல் வேலை செய்யும் நீமா அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் அடிப்பாள். இவள் எடுக்காமல், பதிலுக்கு ஒன்று அடிப்பாள். நான் சுகம், நீ சுகமா? அவ்வளவுதான் விஷயம். ஏதாவது ஆபத்து என்றால் மட்டும், எடுக்கும்வரை விடாமல் அடிக்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அதை அப்பாவிடம் சொல்ல அஜிதாவுக்குத் தோன்றவில்லை.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாம, இது என்ன சிநேகம்டி?"

"ஒங்களுக்கு மனசிலாவாதுப்பா."

நீமாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாவதை அஜிதாதான் கையில் ஏந்தினாள், மூச்சில்லாமல். இப்போது மூன்றாவது, இந்த மாதம் பிறக்க வேண்டும். அஜிதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அஜிதா இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டியூட்டிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. அன்று செவ்வாய்க்கிழமை. ஞானதாசன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது மேசைமேல் கிடந்த அவள் போன் அலறியது. பெயர் இல்லாத ஏதோ வெளிநாட்டு நம்பர். பதறிப்போய்க் கட் செய்தார். மறுபடி அடித்தது. கட் செய்யச் செய்ய அடித்தது. வெளிநாட்டிலிருந்து அடித்துப் பணத்தை உருவுகிறார்கள் என்று முந்தின வாரம்தான் டீக்கடைப் பேப்பரில் படித்திருந்தார். நேரே தேவகுமாரின் செல்போன் கடைக்குப் போய்ப் புது சிம் போட்டார். பழையதைக் குலை வெட்டும் கத்தியால் தம் கையாலேயே இரண்டாக நறுக்கினார்.

சாயங்காலம் மகள் வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "இன்னைக்கு நான் இல்லேண்ணா ஒனக்க பைசா பூரா களவாணிப் பயக்க கொண்டு போயிருப்பானுவ."

"எங்கேருந்து வந்துதுப்பா? விடாம அடிச்சுதா?"

"வெளிநாட்டுக்காரன் எவனோ. விடாம அடிச்சுது மக்கா. நானா விடுவேன்?"

"அந்தப் பிள்ளையும் போச்சு" என்றாள் அஜிதா. பிறகுதான் விடாமல் அடிப்பதன் அர்த்தத்தை அவருக்குச் சொன்னாள். நீமாவின் நம்பரும் அந்த சிம்மில்தான் இருந்தது; சிம் மாறியதும் போனில் வந்த கால்களின் கணக்கும் அழிந்திருந்தது. இனி இங்கிருந்து அவளைக் கூப்பிட வழியில்லை, அங்கிருந்து அடித்தாலும் வராது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஞானதாசனுக்கு அஜிதாவுக்கு முன்னால் பிறந்து இறந்துபோன பிள்ளை நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வந்தவர்கள் சொன்ன ஒரு வார்த்தைகூட அவருக்கு ஞாபகமில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்களை மட்டும் ஒருவர் விடாமல் ஞாபகமிருந்தது. பாவி, பக்கத்தில் உட்கார ஆள் தேடிக் கூப்பிட்டவளை வாசலிலேயே விரட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

நறுக்கிய துண்டுகளோடு தேவகுமாரிடம் ஓடினார். "இத ஒட்ட வய்க்கப் பற்றுமாடே?"

தேவகுமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதே நம்பரை வேறு சிம்மில் வாங்கலாம் என்றான். மறுநாள் கடையைத் திறக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டம் போய் வாங்கி வந்தார். சாயங்காலம் நம்பருக்கு உயிர் வந்தது. அடிக்க நம்பர் இல்லாததால் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அது அடித்தது. ஒன்றோடு நிற்கவில்லை. அஜிதா கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள். "என்னால கேக்க முடியாதுப்பா."

ஞானதாசன் எடுத்துக் காதில் வைத்தார். ஒரு பச்சைப்பிள்ளை தொண்டை கிழிய அழுதது. பின்னால் ஒரு பெண் சிரித்துச் சிரித்து என்னவோ சொன்னாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அழுவுது மக்கா! பிள்ள அழுவுது!"

அஜிதா பிடுங்கிக் கேட்டாள். கண்ணீரும் சிரிப்புமாக அந்த ஊர்ப் பாஷையில் ஏதேதோ பேசினாள். வைத்த பிறகு சொன்னாள்: "எனக்குக் கேக்க வய்க்கணும்னு நேத்தேருந்து ஆஸ்பத்திரி போன்லேருந்து அடிச்சிருக்கா. போன தடவ பிள்ள அழல்லேல்லாப்பா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு மிஸ்டு கால் வந்தது. பதிலுக்கு ஞானதாசன்தான் அடித்தார்.