ஓர் அடி ஆழத்து மண்

மண்வெட்டி இறங்கிய இடத்தில் நிலம் சாம்பல் நிறத்தில் பிளந்தது. கிறிஸ்டினா குனிந்து மண்ணைக் கூடையில் வாரிப் போட்டாள். கவரைப்பேட்டைக்கு மேற்கே, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியின் மதிலை ஒட்டியிருந்த அந்த நிலம் அவளுடையதுதான். இப்போது கூலிக்கு அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வழக்குப் போட்டவளும் அவள்தான். ஆடுகள் வாயில் நுரை தள்ளிச் செத்து, பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கலந்திருப்பதாக டாக்டர் சொன்ன பிறகு, ஊரைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு, பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ரயிலேறினாள். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இழுத்துக் கடைசியில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே செலவு செய்து சுத்தப்படுத்த வேண்டும். மேல்மண்ணை ஓர் அடி ஆழத்துக்கு எடுத்து, நச்சுக்கழிவுக்கென்று கட்டிய குழியில் புதைக்க வேண்டும். அன்று ஊரே பட்டாசு வெடித்தது.

கம்பெனி அந்த வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டது. காண்ட்ராக்டரின் மேஸ்திரி மோகன்ராஜ் உள்ளூர்க்காரன். ஆள் தேடி அவன் முதலில் வந்தது அவள் வீட்டுக்குத்தான்.

"வெளியாளு வந்து நம்ம மண்ணத் தொடணுமா இன்னா? உனக்கும் ஒரு வேல ஆச்சுல்லக்கா."

ஆடும் இல்லை, பயிரும் இல்லை. போனாள். அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்த அன்று எல்லாருக்கும் கையுறை கொடுத்தார்கள். ஜீப் கிளம்பியதும் மோகன்ராஜ் அவற்றைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டான்.

அவளை உறுத்தியது லாரிதான். மண் ஏற்றிப் போன கையோடு திரும்பி வந்து நின்றது. குழி இருப்பது கும்மிடிப்பூண்டியைத் தாண்டி. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம் போனாள்.

"இன்னா கமால் பாய், அதுக்குள்ள வந்துட்ட?"

பழவேற்காட்டுக்காரரான கமால் டீ கிளாஸையே பார்த்தார். "என்னிய கேக்காதக்கா. கொட்டச் சொன்ன எடத்துல கொட்றேன்."

"எங்க?"

"வேணும்னா ஏறிக்கோ. கண்ணால பாத்துடு."

அடுத்த லோடில் ஏறினாள். ஹைவேயில் வடக்கே போக வேண்டிய லாரி மேற்கே ஒரு மண்பாதையில் திரும்பி, கைவிட்ட கல்குவாரி ஒன்றின் விளிம்பில் நின்றது. பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கரையெல்லாம் சாம்பல் நிற மண் குவியல். கமால் நெம்புகோலை இழுத்ததும் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. மண் சரிந்து பாதி தண்ணீருக்குள் போனது.

கிறிஸ்டினா மோகன்ராஜுக்குப் போன் போட்டாள்.

"இன்னாடா இது? கோர்ட்டு சொன்ன குழி எங்க, இது எங்க?"

"அங்க போனா செலவு கட்டுப்படி ஆவாதாம்க்கா." அவன் குரலில் மிரட்டல் இல்லை, அலுப்புதான் இருந்தது. "கேஸ் போடணும்னா போடு. கம்பெனி காண்ட்ராக்டரக் காட்டும். அவரு லாரியக் காட்டுவாரு. லாரில ஏத்துனது யாருன்னு கேட்டா, உம் பேருதான் வரும். யோசிச்சுக்கோ."

அவள் சரிந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வரட்டும். எம் பேரையும் சேத்தே எழுதச் சொல்றேன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கீழே பாறையோரம் ஒருத்தி பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். கிறிஸ்டினா சறுக்கிச் சறுக்கி அவளிடம் இறங்கினாள்.

"இந்தத் தண்ணி வாணாம் தங்கச்சி. கீழ ஊத்திடு."

"குடிக்கிறதுக்குக் கேன் வாங்கிக்கிறோம்க்கா. சமைக்க, குளிக்க இதான். ஏன், இன்னா ஆச்சு?"

"அந்த மண்ணு வெஷம். ஈயம் கீது அதுல."

அந்தப் பெண் மேலே நிமிர்ந்து பார்த்தாள். "அதான் காலைலேர்ந்து லாரி வந்துக்கினே கீதே. யாருக்கா கொட்றாங்க?"

கம்பெனியின் பெயர் கிறிஸ்டினாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எங்க ஊரு மண்ணு. நாந்தான் ஏத்தி உட்டேன்."

அந்தப் பெண் விளங்காமல் விழித்தாள். பிறகு கிறிஸ்டினாவின் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை சாம்பல் நிற மண் அப்பியிருந்தது, நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது.

"ஐய, மொதல்ல கைய நீட்டுக்கா."

குடத்தைச் சாய்த்து, இரண்டு கைகளுக்கும் நிதானமாக ஊற்றினாள். விரல்களிலிருந்து மண் கரைந்து, பாறையில் கோடாக ஓடி, பள்ளத்துத் தண்ணீருக்குள் இறங்கியது. குடம் காலியானதும் அந்தப் பெண் குனிந்து, அதே இடத்தில் மறுபடி மொண்டாள்.